லிஃப்ட் கிட் வாங்கப் போகிறவர் முதலில் எடைமேடைக்குப் போக வேண்டும்

நத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்புக்குப் போக, தார்ச்சாலையை விட்டு இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதையில் செல்ல வேண்டும். டிராக்டர்கள் போய்ப் போய்ச் சக்கரத் தடம் இரண்டும் பள்ளமாகி, நடுவில் வரப்புப் போல மண் மேடிட்டு நிற்கும் அந்தப் பாதையில் என் ஃபார்ச்சூனரின் அடிப்பகுதி இரண்டு முறை உரசிய பிறகுதான் வண்டியை உயர்த்தும் எண்ணம் எனக்கு வந்தது. மதுரையில் ஒரு பட்டறைக்குப் போய், "இரண்டு அங்குலம் ஏற்றிக் கொடுங்கள்" என்றேன். அவர்களும் ஏற்றிக் கொடுத்தார்கள். ஆறே மாதத்தில் அந்த லிஃப்ட் கிட்டை, அதாவது வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பை, கழற்றிவிட்டு வேறொன்றை வேறோர் இடத்தில் மாட்ட வேண்டியதாயிற்று. பிழையில் பாதி என்னுடையது. நான் உயரத்தைச் சொன்னேனே தவிர, வண்டி அன்றாடம் எவ்வளவு எடையைச் சுமக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அவர்களும் அதைக் கேட்கவில்லை. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்தக் கேட்கப்படாத கேள்வியிலிருந்து பிறந்தது.

உயரம் எந்த இடத்தில் தேவைப்படுகிறது

கிட்டைப் பற்றி விசாரிப்பதற்கு முன், உங்கள் வண்டி எந்த இடத்தில், எந்தப் பகுதியில் உரசுகிறது என்பதை ஒரு முறை குனிந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமலேயே பலர் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். முன்புற பம்பரின் கீழ்விளிம்பு மேட்டில் ஏறும்போது தட்டுகிறதா, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் உள்ள அடிப்பகுதி கண்மாய்க் கரையைக் கடக்கும்போது உட்காருகிறதா, பின்புறம் இறங்கும்போது இடிக்கிறதா, அல்லது பின் அச்சின் நடுவில் குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் உறைதான் மண்மேட்டை உழுகிறதா என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

முதல் மூன்றுக்கும் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே உள்ள ஸ்பிரிங் அமைப்பை, உயர்த்துவது உதவும். நான்காவதற்கு அது சிறிதும் உதவாது. ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ-என், தார், பொலேரோ போன்ற வண்டிகளில் பின்னால் ஒரே துண்டான திட அச்சு இருக்கிறது. அந்த அச்சு சக்கரங்களோடு பிணைந்து நிற்பதால், ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் உடல் மட்டுமே மேலே போகும், டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றுதான் வழி. டிராக்டர் தடத்தின் நடுமேட்டில் எனக்கு உரசியது பாதிக்குப் பாதி இந்த டிஃபரன்ஷியல்தான் என்பதை, கிட்டுக்குப் பணம் கொடுத்து முடித்த பிறகே தெரிந்துகொண்டேன். இப்போது அந்தப் பாதையில் ஒரு சக்கரத்தை நடுமேட்டின் மீதும் மற்றொன்றை ஓரத்திலும் ஏற்றி ஓட்டுகிறேன். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு வண்டி சிக்கிக்கொள்வதற்கும் உயரத்துக்கும் அதிகத் தொடர்பு இல்லை. கரிசல் களிமண் டயரின் வரிப்பள்ளங்களை அடைத்து அதை மொழுமொழுவென்று ஆக்கிவிடுவதுதான் காரணம் என்பதால், அங்கே வேண்டியது மண்ணை உதறித் தள்ளும் ஆழமான வரிகள் கொண்ட டயரும் நான்கு சக்கர இழுவையும். வைகை மணலில் டயரின் காற்றைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மேகமலைக்கோ கொடைக்கானலுக்கோ போவதற்காக வண்டியை உயர்த்த வேண்டும் என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவை தார் போட்ட மலைச்சாலைகள்; கொண்டை ஊசி வளைவில் உயர்ந்த வண்டி கூடுதலாகச் சாயும் என்பதைத் தவிர அங்கே வேறு எதுவும் கிடைக்காது.

சாய்வு என்றதும் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை, தரையிலிருந்து வண்டியின் புவியீர்ப்பு மையம் இருக்கும் உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை முக்கிய அளவாகக் கொண்டு அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு வண்டிகள் கவிழும் வாய்ப்பை மதிப்பிடுகிறது. எடுத்துக்காட்டாக, சக்கர இடைவெளி 1,540 மில்லிமீட்டரும் மையத்தின் உயரம் 720 மில்லிமீட்டரும் கொண்ட வண்டிக்கு அந்த எண் ஏறத்தாழ 1.07. மையம் 50 மில்லிமீட்டர் உயர்ந்தால் அது 1.00 ஆகக் குறைந்துவிடுகிறது. எண் குறையக் குறையக் கவிழும் வாய்ப்பு கூடும். குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் போகும் வண்டிக்கு 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். அடுத்த காரணம் கீழே வருகிறது.

உங்கள் வண்டியின் அடியில் என்ன இருக்கிறது

ஏணிச் சட்டத்தின் மீது உடல் பொருத்தப்பட்ட வண்டிகளும், சட்டமும் உடலும் ஒன்றான மோனோகாக் வண்டிகளும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி பெரியவையாகத் தெரிந்தாலும், லிஃப்ட் கிட் விஷயத்தில் அவை இரண்டு வேறு சாதிகள். எக்ஸ்.யூ.வி. 700, ஹாரியர், 2021-க்குப் பிந்தைய சஃபாரி ஆகியவை மோனோகாக். முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு. இவற்றை உயர்த்தப் பெரும்பாலும் ஸ்ட்ரட்டின் தலையில் ஸ்பேசர் என்னும் இடைத்துண்டை வைக்கிறார்கள்; அப்போது சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ட்ரைவ் ஷாஃப்ட் சாய்ந்து, அதன் மூட்டுகள் அளவுக்கு மீறித் தேய்கின்றன. இந்த வண்டிகளின் உரிமையாளர்களுக்கு என் யோசனை, கிட்டை மறந்துவிட்டு, உற்பத்தியாளர் அந்த மாடலுக்கே ஒப்புக்கொண்டிருக்கும் டயர் அளவுகளில் உயரமான பக்கச்சுவர் உள்ளதைத் தேர்ந்தெடுப்பதுதான்.

ஏணிச் சட்ட வண்டிகளில் இன்றைக்குப் பரவலாக இருப்பது முன்னால் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்திருக்கும் இரட்டை விஷ்போன் கைகளுக்கு நடுவே காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக நிற்கும் அமைப்பு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்பிரிங் நிற்பது கீழ்க்கையின் நடுப்பகுதியில், சக்கரம் இருப்பது அதன் முனையில். ஆகவே ஸ்பிரிங்கின் தலையில் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்பேசரை வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம் கிடைக்கும். இது தெரியாத ஒருவர் "இரண்டு அங்குலம் வேண்டுமென்றீர்களே" என்று இரண்டு அங்குல ஸ்பேசரையே கடைந்து வைத்தால், முன்புறம் நான்கு அங்குலம் எழும்பி, மேல்கையின் பந்து மூட்டு அதன் எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கும்.

பின்புறத்தைப் பொறுத்தவரை ஃபார்ச்சூனரில் காயில் ஸ்பிரிங்கோடு அச்சைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் லேட்டரல் ராடு ஒன்று உண்டு. வண்டி உயரும்போது இந்த ராடு தன் வில்வட்டத்தில் திரும்பி அச்சைச் சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாக நகர்த்திவிடும். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு டயர் உடலை விட்டு வெளியேயும் மற்றது உள்ளேயும் தெரியும். நீளத்தை மாற்றக்கூடிய ராடு போட்டால் இது சரியாகும். ஸ்கார்பியோ-என் வண்டியில் அந்த இடத்தில் அச்சை நடுவிலேயே நிறுத்தும் வாட் இணைப்பு இருப்பதால் இந்தத் தொல்லை எழாது. ஆனால் அதன் உயர்ரக வகைகளில் அதிர்வின் வேகத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஷாக்குகள் வருகின்றன. கிட்டோடு வரும் சாதாரண ஷாக்கை மாட்டினால் அந்த வசதியை இழக்கிறீர்கள் என்பதை அறிந்தே செய்ய வேண்டும்.

பொலேரோ, வி-கிராஸ், ஹைலக்ஸ் ஆகியவற்றின் பின்னால் இருப்பது பிளேட் என்று நாம் சொல்லும் பட்டை வில். லாரிக்குப் பிளேட் கட்டும் பட்டறைகள் நம் ஊரில் நிறைய இருப்பதால், கூட ஒரு பிளேட்டைச் சேர்த்துக் கட்டிவிடும் வழக்கம் உண்டு. வண்டி உயரும், ஆனால் வெற்று வண்டியில் பின் இருக்கைக்காரரின் இடுப்பு அதற்குரிய விலையைக் கொடுக்கும். பிளேட்டைத் தொங்கவிடும் ஷாக்கிளை நீளமாக்குவது இன்னொரு குறுக்குவழி. ஷாக்கிள் 50 மில்லிமீட்டர் நீண்டால் வண்டி 25 மில்லிமீட்டர்தான் உயரும், அதோடு அச்சும் சற்றே உருண்டு, பின் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணத்தைக் கெடுக்கும்.

அங்குலத்தை விட்டுவிட்டுக் கிலோவில் பேசுங்கள்

ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் ஈமு, ஐயன்மேன், டஃப் டாக், டாபின்ஸன்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒரே வண்டிக்கு, ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு, பின்புறக் காயிலை இரண்டு மூன்று வகைகளில் விற்கின்றன. அவற்றின் வேறுபாடு வண்டியில் எப்போதும் இருக்கும் கூடுதல் எடையைப் பொறுத்தது. ஒன்று கூடுதல் எடை இல்லாத வண்டிக்கு, இன்னொன்று நிரந்தரமாக 200 கிலோ சுமக்கும் வண்டிக்கு, மற்றொன்று அதற்கும் மேலே என்ற கணக்கில் அவை பிரிக்கப்பட்டிருக்கும். இங்கே 'நிரந்தரமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரும்பு பம்பர், வின்ச், கூரைச் சட்டம், இரண்டாவது ஸ்டெப்னி என்று கழற்றாமல் வண்டியோடே ஓடுபவை மட்டுமே அதில் சேரும். சித்திரையிலும் வைகாசியிலும் பத்து நாள் ஏற்றும் மாம்பழக் கிரேட்டுகளும், ஆண்டுக்கு இரு முறை குலதெய்வம் கோயிலுக்கு அடைத்துக்கொண்டு போகும் உறவினர்களும் அதில் சேர மாட்டார்கள்.

என் விஷயத்தில் நடந்தது இதுதான். "நல்ல ஸ்ட்ராங்காக இருக்கட்டும்" என்று சொல்லி 300 கிலோ நிரந்தர எடைக்கான காயிலை மாட்டினார்கள். நானோ பெரும்பாலும் தனியாக ஓட்டுகிறவன். கணக்கு எளிது: மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் வலுவுள்ள ஒரு காயிலின் மீது 100 கிலோ ஏறினால் அது ஏறத்தாழ 33 மில்லிமீட்டர் அமுங்கும். அந்த 100 கிலோ ஏறாவிட்டால் வண்டி அதே 33 மில்லிமீட்டர் கூடுதலாக எழும்பித்தான் நிற்கும். இரண்டு அங்குலம் என்று வாங்கியது பின்னால் மூன்றே கால் அங்குலத்துக்கு மேல் எழும்பி, ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளியது. ஈரமான வளைவில் ஒரு நாள் பின்புறம் வழுக்கிய பிறகு என் மனைவி அந்த வண்டியில் ஏற மறுத்துவிட்டாள். அவள் மறுத்தது நியாயம்.

ஆகவே முதல் வேலையாக எடைமேடைக்குப் போங்கள். நெல் மண்டிகளுக்கும் கல் கிரஷர்களுக்கும் அருகே, மேலூர்ச் சாலையிலும் ஒத்தக்கடைப் பக்கத்திலும், லாரிகளுக்கான எடைமேடைகளுக்குப் பஞ்சமில்லை. வழக்கமாக வண்டியில் வைத்திருக்கும் அத்தனையையும் வைத்துக்கொண்டு, டேங்க் நிறைய டீசலோடு, முதலில் முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஒரு சீட்டும், பின்சக்கரங்கள் மட்டும் இருக்கும்படி ஒரு சீட்டும், முழு வண்டிக்கு ஒரு சீட்டுமாக மூன்று சீட்டுகள் வாங்குங்கள். லாரி வரிசையில் எஸ்.யூ.வி.யைக் கொண்டு நிறுத்தினால் மேடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். அந்தச் சீட்டுகளோடு போய்க் கிட் கேட்கும்போது, விற்பவர் அவற்றை வாங்கிப் படிக்கிறாரா அல்லது ஒதுக்கி வைத்துவிட்டு "எத்தனை இஞ்ச் வேணும் சார்?" என்கிறாரா என்பதிலேயே அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

எப்போதாவது ஏற்றும் சுமைக்கு வேறொரு தீர்வு இருக்கிறது. பின் காயிலின் உள்ளே வைக்கும் ரப்பர் காற்றுப்பை. சுமை ஏற்றும் நாளில் காற்றடித்துக்கொண்டு, இறக்கிய பின் காற்றைக் குறைத்துவிடலாம். நான் இப்போது வைத்திருப்பது கூடுதல் எடையில்லாத காயிலும் இந்தப் பையும்தான். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: காயிலோ பையோ எவ்வளவு வலுவாக இருந்தாலும், வண்டிக்கு உற்பத்தியாளர் விதித்திருக்கும் மொத்த எடை வரம்பு ஒரு கிலோகூட உயராது. பிரேக்கும் அச்சும் சட்டமும் பழையவைதானே.

கிட்டுக்குள் என்னென்ன இருக்க வேண்டும்

மலிவான வழி ஸ்பேசர் மட்டும் வைப்பது. அடுத்தது ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது. மூன்றாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த முழுக் கிட். நடுவில் இருப்பது சிக்கனமாகத் தெரியும், ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. வண்டியோடு வந்த ஷாக்குக்கு ஒரு குறிப்பிட்ட நீளம்தான் விரியத் தெரியும். வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்தியபோதே ஷாக்கின் விரிவில் கணிசமான பகுதி செலவாகிவிடுவதால், சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் தன் எல்லையில் போய் 'டங்'கென்று இடித்து நிற்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் எண்ணெய் கசியத் தொடங்கும். உயரத்துக்கு ஏற்ற நீளமும், ஸ்பிரிங்கின் வலுவுக்கு ஏற்ற அடக்கும் திறனும் கொண்ட ஷாக்கை, கூடுமானவரை ஒரே நிறுவனத்திடமிருந்து, ஸ்பிரிங்கோடு சேர்த்தே வாங்குவது நல்லது.

புதூர்த் தொழிற்பேட்டையிலும் கப்பலூரிலும் எதையும் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் இருக்கின்றன என்பது நமக்குப் பெருமைதான். இருந்தாலும் ஸ்பிரிங்குக்கு அடியில் போகும் துண்டை அளவு மட்டும் சொல்லிக் கடைந்து வாங்கும் பழக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அது என்ன உலோகம், எத்தனை முறை அமுங்கி எழுந்தால் விரிசல் விடும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. காயிலைக் கேஸ் வைத்துச் சூடாக்கி நீட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், வண்டியின் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சூடேறிய காயில் தன் பதத்தை இழந்துவிடும். உடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்தும் பாடி லிஃப்ட்டைப் பற்றி, வேண்டாம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

50 மில்லிமீட்டர் வரம்புக்கு இரண்டாவது காரணம் கோணங்கள். முன்புறம் உயர உயர, காஸ்டர் என்னும் ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு குறையும்; வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பி வருவதும், நெடுஞ்சாலையில் வண்டி அலையாமல் ஓடுவதும் இந்தச் சாய்வால்தான். 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை பெரும்பாலான வண்டிகளில் அலைன்மென்ட் போல்ட்டுகளைத் திருப்பியே இதைப் பெருமளவு மீட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் வேறு வடிவிலான மேல்கைகளும், முன் டிஃபரன்ஷியலைச் சற்றே கீழிறக்கும் துண்டுகளும் தேவைப்படும். கிட்டின் விலை என்று நீங்கள் நினைத்திருந்தது அந்த நாளில் இரட்டிப்பாகும்.

டயரையும் சேர்த்து மாற்றுகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். 265/65 ஆர் 17 டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். 265/70 ஆர் 17 டயருக்கு 803. அதனால் டிஃபரன்ஷியல் உட்பட எல்லாமே 13 மில்லிமீட்டர் உயரும். அதே சமயம் டயர் பெரிதானதால் வண்டி முன்னைவிட 3.4 விழுக்காடு வேகமாக ஓடும், முள் அதைக் காட்டாது. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றிப் பார்த்து, டயர் உள்ளே எங்கும் உரசவில்லை என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

மாட்டுபவரைத் தேர்ந்தெடுப்பது

நல்ல கிட்டை மோசமாக மாட்டலாம். என் முதல் கிட்டின் புஷ்கள் நான்கே மாதத்தில் கிழிந்ததற்குக் காரணம் அந்த ரப்பர் அல்ல. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கண்ட்ரோல் ஆர்ம் என்னும் அந்தக் கைகளின் வேர்ப்பகுதியில் இருக்கும் ரப்பர் புஷ், போல்ட்டை இறுக்கிய நிலையையே தன் ஓய்வுநிலையாகக் கொள்ளும். வண்டியைத் தூக்கி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு அதன் வாழ்நாள் முழுவதும் முறுக்கிய நிலையிலேயே கழியும். சரியான முறை, போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டி, வண்டியைச் சக்கரங்களின் மீது இறக்கி, முன்னும் பின்னும் சிறிது உருட்டி, இரண்டு முறை அமுக்கிவிட்டு, அந்த நிலையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குவது. ஆகவே மாட்டுபவரிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: "கண்ட்ரோல் ஆர்ம் போல்ட்டை எப்போது இறுக்குவீர்கள்?" என்பது. "தரையில் இறக்கிய பிறகு" என்று யோசிக்காமல் பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். காற்றுத் துப்பாக்கியை மட்டுமே காட்டுகிறவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து, அவர் அளக்கிறாரா என்று பாருங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர்மேலே ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து, வேலைக்கு முன்பும் பின்பும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தமும் கணக்கில் கலந்துவிடும். வலது, இடது அளவுகள் ஏற்கெனவே சற்று வேறுபட்டிருப்பது இயல்பு; ஓட்டுநரும் டீசல் டேங்க்கும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதால் சில வண்டிகளில் இரு பக்கக் காயில்களுமே வேறு வேறு அளவில் வரும். அந்தக் காயில்களை இடம் மாற்றி மாட்டிவிட்டு, வண்டி ஒரு பக்கம் சாய்கிறதே என்று மண்டையை உடைத்துக்கொண்ட பட்டறையை நான் பார்த்திருக்கிறேன்.

முன் காயிலை அமுக்கிப் பிடிக்க முறையான ஸ்பிரிங் கம்ப்ரஸர் அவரிடம் இருக்க வேண்டும். கயிறும் சங்கிலியும் கட்டி அமுக்குவது வேலை செய்யும் பையனின் உயிரோடு விளையாடுவது; அப்படிச் செய்யும் இடத்தில் வண்டியை விடுவது நமக்கும் நல்லதல்ல. வண்டியை ஜாக்கியின் மீது மட்டும் நிறுத்தாமல் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுக்கிறார்களா என்பதையும் வாசலில் நின்றே பார்த்துவிடலாம். அச்சைக் கீழே தொங்கவிடும்போது பிரேக் குழாயும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடாமல் முன்கூட்டியே கிளிப்பைக் கழற்றிவிடுகிறாரா, வேலை முடிந்தபின் முழுத் தொங்கலில் அவற்றுக்கு இன்னும் தளர்வு இருக்கிறதா என்பதைக் கேட்டு, முடிந்தால் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் மாட்டிய, உங்கள் மாடலையே சேர்ந்த, குறைந்தது ஓராண்டு ஓடிய ஒரு வண்டியின் உரிமையாளரிடம் பேசக் கேளுங்கள். புதிதாக மாட்டிய வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். 20,000 கிலோமீட்டர் ஓடியதுதான் உண்மை பேசும். பில்லில் ஸ்பிரிங், ஷாக் ஒவ்வொன்றின் பாக எண்ணும் இருக்க வேண்டும், ஏனெனில் ஓராண்டு கழித்து ஒரு ஷாக் கசிந்தால் அந்த எண் இல்லாமல் உத்தரவாதம் கேட்க முடியாது. மதுரையில் இந்த வேலையை அறிந்து செய்பவர்கள் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் குறைவு. கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ கொண்டுபோய்ச் செய்யலாமா என்று கேட்பவர்கள், மாட்டிய பின் ஆயிரம் கிலோமீட்டரில் மறுபரிசோதனைக்கு மீண்டும் போய்வர வேண்டும் என்பதையும், இடையில் ஒரு சத்தம் வந்தால் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரிடம் கைப்பேசியில்தான் விளக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளட்டும். கைவேலை சமமாக இருக்குமானால் நான் உள்ளூர்க்காரரையே தேர்ந்தெடுப்பேன்.

ஆர்.சி.யும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றத்தைச் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே பட்டறைக்காரர் சொல்லும் "அதெல்லாம் ஒண்ணும் பண்ண மாட்டாங்க சார்" என்ற உறுதிமொழியை நம்பாமல், மதுரை வடக்கு, தெற்கு, மத்தி ஆகிய மூன்றில் உங்கள் வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், செய்யப்போகும் மாற்றத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுப்பதற்கு அவர்களுக்கு வழி உண்டு. உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், ட்ரைவ் ஷாஃப்ட் சம்பந்தமான பழுதுகளுக்கு ஷோரூம் கைவிரிக்கக்கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வண்டியை எடுத்த அன்றும் அதற்குப் பிறகும்

மாட்டி முடித்த அன்றே வீல் அலைன்மென்ட் செய்து, அச்சிட்ட தாளை வாங்குங்கள். சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவான டோவை மட்டும் சரிசெய்துவிட்டு அனுப்பும் கடைகள் நிறைய. சக்கரத்தின் பக்கச்சாய்வான கேம்பரும் காஸ்டரும் இரு பக்கமும் உற்பத்தியாளர் சொன்ன எல்லைக்குள் வந்திருக்கின்றனவா என்று அந்தத் தாளில் நீங்களே பாருங்கள். பிறகு விளக்குகள். வண்டியின் பழைய முன்சாய்வைப் போக்குவதற்காகப் பின்னைவிட முன்பக்கத்தை 25 மில்லிமீட்டர் கூடுதலாக உயர்த்தியிருந்தால், முன், பின் அச்சுகளுக்கு இடையே 2,745 மில்லிமீட்டர் உள்ள வண்டியில் அது அரை டிகிரிச் சாய்வு. 25 மீட்டர் தொலைவில் ஒளி ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் மேலே போய் எதிரே பைக்கில் வருபவரின் கண்ணில் விழும். இரவு நேர நத்தம் சாலையில் இப்படிக் கண்ணைப் பறிக்கும் வண்டிகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்துத் தானே பிரேக் போடும் வண்டியாக இருந்தால், அந்தக் கேமராவையும் ஷோரூமில் மறு அளவீடு செய்ய வேண்டும்; அது உயரம் மாறியதை அறியாது.

முதல் ஓட்டத்தில் ரேடியோவை அணைத்துவிட்டு, காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக வட்டம் போடுங்கள். 'டிக் டிக்' என்று வந்தால் ட்ரைவ் ஷாஃப்ட் மூட்டின் கோணம் மிஞ்சியிருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகும்போது பிரேக் பிடித்துப் பார்த்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களை ஏற்றி இறக்கிப் பாருங்கள். எங்கள் அம்மாவுக்காகப் பக்கப்படியைக் கீழிறக்க வேண்டியிருந்தது, அந்தச் செலவை நான் முன்பு யோசிக்கவே இல்லை.

புதிய காயில் முதல் சில வாரங்களில் சில மில்லிமீட்டர் அமர்ந்துவிடும். ஆகவே ஆயிரம் கிலோமீட்டருக்குள் மீண்டும் அதே இடத்துக்குப் போய், எல்லாப் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சில் சரிபார்த்து, நான்கு மூலை அளவுகளை மறுபடி எடுத்து, அலைன்மென்ட்டையும் இன்னொரு முறை செய்துகொள்ள வேண்டும். இதற்குத் தனியாகப் பணம் கேட்காத பட்டறை, வேலை பேசும்போதே அதைச் சொல்லிவிடும்.

கழற்றிய பழைய காயில்களையும் ஷாக்குகளையும் பட்டறையிலேயே விட்டு வந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் முன், பின், வலது, இடது என்று பெயின்ட்டில் எழுதி, எண்ணெய் துடைத்து, சாக்கில் கட்டி வீட்டில் போட்டுவையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் அசல் உயரம் கேட்கலாம். 15 ஆண்டுகள் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வாளரும் கேட்கலாம். என் முதல் கிட்டைக் கழற்றிய பின் புதியது வந்து சேர ஆன மூன்று வாரங்கள், நான் தோப்புக்குப் போய்வந்தது அந்தச் சாக்கில் கிடந்த பழைய காயில்களில்தான்.